மணிச் சத்தத்தின் வாலை வெட்டினோம்

தம்பிகளா, போன வாரம் நீங்கள் மேஜையைச் சுற்றி நின்று சண்டை போட்டதை ஓரத்தில் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். விரல் நகம் அளவு சில்லுக்குள்ளிருந்து குரல் வர வேண்டும், அதற்கு எண்ணைச் சத்தமாக மாற்றுகிற டிஏசி எதை வைப்பது என்று தகராறு. ஒருவர் எட்டு பிட் போதும் என்கிறார். இன்னொருவர் பதினாறுக்குக் கீழே தொடவே மாட்டேன் என்கிறார். மூன்றாவது ஆள் நாலு ரெசிஸ்டரை வைத்து ஏணி கட்டிவிடலாம் என்கிறார். நடுவில் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, ஒங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்று கேட்டார்.

இருந்தது தம்பி. எழுபதுகளின் கடைசியில், தூத்துக்குடியில், என் கடை மேஜையிலேயே இருந்தது. இதே கேள்வி எங்கள் முன்னாலும் வந்து நின்றது. அதில் தப்பான பக்கம் ஜெயித்து, உயிரோடு இருந்த ஒரு மனுஷனுக்கு ஊரே அழ வந்துவிட்டது. அதைச் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குத் துறைமுகத்துப் பக்கம் சின்ன ரேடியோ ரிப்பேர் கடை. கூடவே மைக் செட்டும் உண்டு. கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம், கோயில் கொடை எல்லாவற்றுக்கும் என் குழாய் ஸ்பீக்கர் போகும். பள்ளிக்கூடம் பக்கம் நான் ஒதுங்கியது மழைக்குத்தான். தொழிலைக் கற்றுக்கொடுத்தது தோணிக்காரர்களின் ரேடியோக்கள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வருகிற தோணியில் ரேடியோ என்ன பாடு படும் என்று யோசித்துப் பாருங்கள். உப்புக் காற்றில் பின்பக்கத்தைத் திறந்தால் பச்சைப் பாசி பிடித்த மாதிரி இருக்கும். ஒருவர் கொண்டுவந்த ரேடியோவுக்குள் நண்டு இருந்தது. உயிரோடு. "வால்யூம் கூட்டுனா கடிக்குது அண்ணாச்சி" என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் காலையில் கடைக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் பிலோமினா. திருச்செந்தூர் போகும் வழியில் ஒரு கடற்கரை ஊர்க்காரி. இன்ஜினியரிங் படித்துப் பெங்களூரில் கம்பெனி வேலை பார்த்தாள். கையில் டவலில் சுற்றிய ஒரு பொருள். குழந்தையை இறக்குகிற மாதிரி மேஜையில் இறக்கிப் பிரித்தாள். உள்ளே பச்சைப் பலகை, மேலே கரப்பான்பூச்சி மாதிரி கால் வைத்த கறுப்புச் சில்லுகள், ஓரத்தில் சின்னதாக எண் அழுத்துகிற கட்டைகள்.

"இது என்னம்மா?"

"மைக்ரோ பிராசஸர் அண்ணாச்சி. இதுக்குள்ள எங்க ஊர் கோயில் மணி இருக்கு."

நான் பலகையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். "ஆட்டாதிய!" என்று பிடுங்கிக்கொண்டாள்.

அவள் அப்பா சவரிமுத்து அந்த ஊர்க் கோயில்பிள்ளை. கோயிலைத் திறப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, மணி அடிப்பது எல்லாம் அவர் வேலை. அந்த வருஷம் மணியில் விரிசல் விழுந்துவிட்டது. பழைய மணி, உப்புக் காற்று, விரியத்தானே செய்யும்? ஆனால் கமிட்டித் தலைவர், சவரிமுத்து முரட்டுத்தனமாக இழுத்து உடைத்துவிட்டார் என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். தலைவருக்குக் கஸ்பார் என்று ஒரு மச்சினன், வேலை இல்லாமல் இருந்தான். புது மணி திருவிழாவுக்குள் வந்து சேராது. 'கொடியேற்றத்துக்கு மணி ஒலிக்காவிட்டால் சவரிமுத்து சாவியைக் கொடுத்துவிட்டுப் போகட்டும், கஸ்பார் பார்த்துக்கொள்வான்' என்று கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்கள்.

ஏன் மணிக்கு அவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். அந்த ஊரில் கொடியேற்றத்து அன்று காலையில் வள்ளங்கள் எல்லாம் கடலுக்குள் போய், அலை தாண்டி வரிசையாக நிற்கும். கரையில் மணி அடித்ததும் அத்தனை வள்ளமும் திரும்பிக் கரைக்குப் பாயும். கடைசி வள்ளம் மணலில் முட்டுகிற வரைக்கும் மணி நிற்கக் கூடாது. அப்புறம்தான் கொடி ஏறும். மணி இல்லாவிட்டால் வள்ளம் திரும்பாது. வள்ளம் திரும்பாவிட்டால் கொடி ஏறாது.

"டேப்புல போட்டுரலாமேம்மா?" என்றேன். நான் மைக் செட்டுக்காரன், வேறென்ன சொல்வேன்?

"டேப்பு அடிச்சா அப்பா என்னத்துக்கு? கயித்த அவர் இழுக்கணும். இழுக்குறப்ப ஒவ்வொரு அடியும் விழணும். நிறுத்துறப்ப நிக்கணும். அதான் இது. கயித்துல ஒரு சுவிட்ச கட்டிருவேன்."

போன வருஷத் திருவிழாவில் சொந்தக்காரர் ஒருவர் டேப்பில் பிடித்து வைத்த மணிச் சத்தத்தைப் பெங்களூரில் எண்களாக மாற்றிச் சில்லுக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். எண்கள் எட்டுக் கம்பிகளில் வெளியே வரும். அந்த எட்டையும் சேர்த்து, ஏறி இறங்குகிற ஒரே வோல்டேஜாக ஆக்கினால்தான் என் ஆம்ப்ளிஃபயருக்குப் புரியும். நீங்கள் சண்டை போட்டீர்களே, அந்த இடம்தான் இது.

அதற்கு எங்களிடம் இரண்டு வழி இருந்தது. ஒன்று, ரெசிஸ்டர்களை ஏணி மாதிரி அடுக்கிக் கட்டுவது. என் கடையில் ரெசிஸ்டருக்கா பஞ்சம்? இன்னொன்று, அதற்கென்றே செய்த சில்லு. பிலோமினாவிடம் ஒன்றே ஒன்று இருந்தது, பஞ்சில் குத்தி, கண்ணாடிப் பெட்டியில். அதற்கு வழக்கமான பிளஸ் கரண்டோடு மைனஸ் சப்ளையும் வேண்டும். அவள் பலகையில் மைனஸ் கிடையாது. தப்பாகக் கொடுத்தால் சில்லு போய்விடும், மாற்றுச் சில்லுக்குப் பெங்களூர் போக வேண்டும்.

ஏணியே போதும் என்று நான் சொன்னேன், அவளும் தலையாட்டினாள். சுலபமானது கையில் இருக்கும்போது மனுஷப் புத்தி அங்கேதான் போகும். மீட்டரை வைத்து ஒவ்வொரு ரெசிஸ்டராக அளந்து, ஒத்துப்போவதைப் பொறுக்கிக் கட்டினோம். ஒரு பெட்டி ஸ்பீக்கரில் கொடுத்தோம். டங்! எதிர்த்த டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே சிலுவை போட்டார். அவர் திருநீறு பூசுகிற ஆள். அவ்வளவு நன்றாக இருந்தது.

ஒரே ஒரு குறை. மணி அடித்ததும் நாதம் நீண்டு தேயும் அல்லவா? சில்லுக்குள் அவ்வளவு நீளத்துக்கு இடமில்லை என்று, ஒரு துளி நாதத்தையே திரும்பத் திரும்ப ஓட விட்டிருந்தாள். சத்தத்தைக் குறைக்க அவள் எண்களைப் பாதி, கால் என்று வகுத்துக்கொண்டே போகும்படி எழுதியிருந்தாள். பெரிய எண் இருக்கும் வரை நன்றாக இருக்கும். கடைசியில் ஒன்று, இரண்டு என்ற அளவுக்கு வந்ததும் சறுக்கி வர வேண்டிய சத்தம் படி இறங்கி ஏறும். 'கர்ர்ர்' என்று முடியும், தொண்டை கட்டினவர் செபம் சொல்கிற மாதிரி.

"அந்தக் கரகரப்பு வர்றதுக்கு முன்னாடியே நிப்பாட்டிருவோமே," என்றேன். "திருவிழா சத்தத்துல எவனுக்குக் கேக்கப் போவுது?"

அவளும் யோசித்துவிட்டு, சரி என்று எண்களை அழுத்தி வாலை வெட்டினாள். டங். அவ்வளவுதான். சுத்தமாக இருந்தது. இரண்டு பேரும் சந்தோஷமாக டீ குடித்தோம்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மதியம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். கோபுரத்தில் குழாயைக் கட்டி, கோயிலை ஒட்டிய சின்ன அறையில் ஆம்ப்ளிஃபயரும் பலகையும் வைத்தோம். சவரிமுத்து வந்தார். ஒல்லியான மனுஷர், மகள் செய்த மிஷினைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு கயிற்றைப் பிடித்து, சோதனைக்காக ஒரு தடவை இழுத்தார்.

டங்.

குழாய் ஊரைத் தாண்டிக் கடல் வரைக்கும் கேட்டது. ஏதோ சரியில்லையே என்று நின்றார். திரும்ப ஒரு தடவை.

டங்.

வெளியே யாரோ ஓடுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். வீடுகளிலிருந்து பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு வெளியே வருகிறார்கள். "ஏளா, யாருக்கு? யாருக்கு?" என்று ஒருத்திக்கு ஒருத்தி கேட்கிறார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறார்கள்.

சவரிமுத்துவின் முகம் வெளுத்துவிட்டது. "மக்களே," என்றார் மெதுவாக, "இது துக்க மணில்லா!"

அந்த ஊரில் சாவு என்றால், மணியின் நாக்கை ஒட்டிப் பிடித்து, நாதம் நீள விடாமல் ஒற்றை ஒற்றையாக அடிப்பார்கள். வால் இல்லாத மணி அவர்களுக்குச் சாவு மணி. நாங்கள் சுத்தம் என்று நினைத்து வெட்டியது அந்த வாலைத்தான்; அந்த ஊர்க்காரியான பிலோமினாவுக்கும் கடையில் அது உறைக்கவில்லை.

அதற்குள் ஊர் தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. படுத்த படுக்கையாக இருந்தவர் இன்னாசி என்ற கிழவர் ஒருவர்தான், பழைய முத்துக்குளி ஆள். எல்லோரும் அவர் வீட்டுக்கு ஓடினார்கள். ஒருத்தி வாசலிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். கிழவருக்கு எங்கிருந்து வேகம் வந்ததோ, எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார்.

"எவம்லே என்னக் கொன்னது? கஞ்சி குடிச்சிட்டு இப்பத்தான கண்ண மூடுனேன்!"

"மணி அடிச்சிதே மாமா!"

"மணி அடிச்சா செத்துரணுமா? ஏளா, நீ அழுதது நல்லாவே இல்ல. நெசமாவே சாவும்போது வேற ஆளப் பாத்துக்கிடுதேன்!"

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். கமிட்டித் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. நேராக அறைக்கு வந்தார்.

"என்ன சவரிமுத்து, நாளைக்கும் இதத்தான் அடிக்கப் போறியளோ? வள்ளமெல்லாம் எழவு கேக்க வரும். ஏலே கஸ்பாரு! வள்ளத்த எடுத்துட்டு தெக்க அடுத்த ஊருக்குப் போ. அவங்க பழைய மணி சும்மாதான் கெடக்கு. கேட்டு வாங்கி காலையில வந்து சேரு. நாளைக்குக் கயிறு ஒங் கையில."

கஸ்பார் ஓடியே போனான். பங்குச் சாமியாரும் வந்து பார்த்துவிட்டு, "நாளைக் காலை வரைக்கும் அந்தக் குழாய் வாயைத் திறக்கக் கூடாது. இன்னாசியை இன்னொரு தடவை எழுப்ப முடியாது," என்று சொல்லிப் போய்விட்டார்.

சவரிமுத்து சாவிக்கொத்தை மடியிலிருந்து எடுத்துப் பார்த்தார், திரும்ப மடியில் வைத்துக்கொண்டார். பிலோமினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஸ்பீக்கர மாட்டும்மா, பாப்போம்," என்றேன். ஒன்றும் தோன்றாதபோது ஏதாவது ஒரு கம்பியைத் தொட்டுக்கொண்டிருப்பது என் பழக்கம். உங்களுக்கும் இருக்கட்டும்.

குழாயைக் கழற்றிவிட்டுச் சின்ன ஸ்பீக்கரை மாட்டினோம். வாலைத் திரும்ப வைத்தாள். கரகரப்பும் திரும்ப வந்தது. "மணிக்குச் சளி பிடிச்சிருக்கு," என்றார் சவரிமுத்து. அந்த நிலைமையிலும் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது.

"கரகரப்பு ஏணியில இருந்து வருதா, நான் வகுக்குறதுல இருந்து வருதான்னு பாக்கணும்," என்று சொல்லி, எண்களை வகுக்கிற வேலையையே நிறுத்திவிட்டாள். சவரிமுத்து கயிற்றை இழுத்தார்.

அய்யோ! டங்ங்ங்ங் என்று ஆரம்பித்த மணி தேயவே இல்லை. கப்பல் சங்கு மாதிரி ஒரே உயரத்தில் நின்று கத்துகிறது. காதில் கரகரப்பு இல்லை, ஆனால் காதே இல்லாமல் போகிற மாதிரி இருக்கிறது. என் கை தன்னால் ஆம்ப்ளிஃபயருக்குப் போய் வால்யூமைக் குறைத்தது. மைக் செட்டுக்காரன் சட்டென்று அணைக்க மாட்டான். அணைத்தால் குழாயில் 'டப்'பென்று அறையும், மணமேடையில் மாப்பிள்ளை துள்ளுவான். அதனால் மெள்ள மெள்ளக் குறைத்தேன்.

மணி தேய்ந்தது. கரகரப்பில்லாமல், கோபுரத்து மணி தேய்கிற மாதிரியே தேய்ந்து அடங்கியது.

"அண்ணாச்சி, இப்ப என்ன செஞ்சிய?"

"கொறச்சேன்."

"திரும்பச் செய்யிங்க!"

செய்தேன். அவள் குதித்தே விட்டாள். "எண்ணு முழுசா இருக்கு, அதான் படி தெரியல! வெளிய வந்த பெறவு கொறைக்கிறதால கரகரப்பும் சேந்தே கொறையுது. எண்ணக் கொறைக்கவே கூடாது அண்ணாச்சி, எண்ணுக்கு வெளிய கொறைக்கணும்!"

"அப்ப நாளைக்கு நான் இங்கனயே ஒக்காந்து திருகணுமா?"

"வேண்டாம். அந்தச் சில்லுல அதுக்குன்னே ஒரு கால் இருக்கு."

கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். அந்தச் சில்லில் ரெஃபரன்ஸ் என்று ஒரு கால். அதில் எவ்வளவு கரண்டு போகிறதோ, அந்த அளவுக்குத்தான் வெளியே வருகிற சத்தத்தின் உயரம். எண் முழுசாகவே வந்துகொண்டிருக்கும். அந்தக் காலில் கரண்டு தேயத் தேயச் சத்தம் தேயும். தேய்கிற கரண்டுக்கு எங்கே போவது? ரேடியோவில் போடுகிற பெரிய கண்டன்சர் ஒன்று போதும். கயிற்றை இழுக்கும்போது நிரம்பும், விட்டால் மெதுவாக வடியும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு குடம் நிரம்பி வடிகிற கணக்கு. என் கை செய்ததைக் கண்டன்சர் செய்யும்.

மைனஸ் சப்ளை? டார்ச் லைட் பேட்டரிக் கட்டைகளைத் தலைகீழாக வரிசை கட்டினால் மைனஸ்தானே. ஊரில் எல்லார் வீட்டு டார்ச்சையும் வாங்கிவந்தார் சவரிமுத்து. இன்னாசிக் கிழவரே தன் டார்ச்சைக் கொடுத்து, "எனக்காவ அடிச்சது போதும்னு சொல்லு," என்றாராம்.

இருப்பது ஒரே சில்லு. கம்பி ஒன்று மாறினால் புகை. ஏணியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சில்லை வைக்கலாம் என்றாள். இங்கேதான் நான் கொஞ்சம் அடம் பிடித்தேன். ஏணி அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் சில்லைக் கட்டு, நடுவில் ஒரு சுவிட்ச் போடு என்றேன். சில்லு போனாலும் ஏணி இருக்கிறது, திருக என் கை இருக்கிறது. அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் மணி ஒலிக்கும். புதியதை நம்பி இறங்கும்போது பழையதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இறங்காதீர்கள் தம்பிகளா. அது தைரியம் மாதிரி தெரியும், தைரியம் இல்லை.

எல்லாம் கட்டி முடித்து, கரண்டு கொடுக்கக் கையை நீட்டினாள். கம்பிகளை ஒரு தடவைகூடத் திரும்பப் பார்க்கவில்லை. "இப்ப வேண்டாம். வா, டீ குடிப்போம்," என்றேன். முறைத்தாள். குடித்துவிட்டு வந்து பார்த்தால், டார்ச் கட்டையில் ஒன்று திரும்பியிருந்தது. அவசரத்தில் இரண்டு பேர் கண்ணுக்கும் படவில்லை, டீ குடித்த கண்ணுக்குப் பட்டது. திருப்பிப் போட்டுக் கரண்டு கொடுத்தோம். புகை வரவில்லை.

சவரிமுத்து இழுத்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அடி விழுந்த பிறகு விரலை எடுத்துக் கேட்டேன். அவர், "இவரு மணி கேக்க வந்தாரா, மணிக்குப் பயந்து வந்தாரா?" என்று மகளிடம் கேட்டார். தொடக்கம் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும் தம்பி, கடையில் அதைக் கேட்டுத்தான் ஏமாந்தோம். முடிவை மட்டும் தனியாகக் கேட்க வேண்டும். கேட்டேன். ஏழெட்டுத் தடவை கேட்டேன். மணி சுத்தமாகத் தேய்ந்து காற்றோடு போனது. ஆனால் குழாயில், கடல் காற்றில், வள்ளம் நிற்கிற தூரத்தில் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குக் காலையில்தான் விடை.

காலையில் குழாயைத் திரும்ப மாட்டினோம். கரை நிறைய ஆட்கள். வள்ளங்கள் தோரணம் கட்டிக்கொண்டு அலை தாண்டி நின்றன. கமிட்டித் தலைவர் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்பாரைக் காணவில்லை. சாமியார் பொறுத்துப் பார்த்தார். வெயில் ஏறியது.

"சாமி, இன்னும் கொஞ்சம் பொறுங்க, மச்சினன் வந்துருவான்."

"வள்ளத்தில் நிற்கிறவர்கள் எவ்வளவு நேரம் பொறுப்பார்கள்? இருப்பதை அடி சவரிமுத்து."

பிலோமினா பலகைக்கு முன்னால் நின்றாள். நான் ஒரு கையைச் சுவிட்சிலும் ஒரு கையை வால்யூமிலும் வைத்துக்கொண்டேன். சவரிமுத்து நெற்றியில் சிலுவை போட்டு, கயிற்றை இழுத்தார்.

டங்ங்ங்...

கரையில் ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் முந்தின நாளைக்குப் பிறகு வாலைக் கேட்கப் பழகிவிட்டார்கள். சத்தம் நீண்டது. மணலைத் தாண்டி, அலையைத் தாண்டிப் போய்த் தேய்ந்தது. வள்ளங்கள் அப்படியே நின்றன. அவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் போல. சவரிமுத்து மறுபடி இழுத்தார். அதற்கு அப்புறமும் இழுத்தார். அப்போது நடுவில் நின்ற வள்ளத்தின் மூக்கு திரும்பியது. அடுத்தது திரும்பியது. "ஓய்ய்ய்" என்று கடலிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பி, வரிசை முழுக்கக் கரையைப் பார்த்துப் பாய்ந்தது. என் இரண்டு கைக்கும் வேலையே இல்லை.

ஒவ்வொன்றாக மணலில் முட்டின. எல்லாம் வந்துவிட்டது என்று சாமியார் கையைக் காட்டினார். சவரிமுத்து நிறுத்தவில்லை. பிலோமினா போய், "அப்பா, போதும்," என்றாள்.

"போதாது மக்களே. அங்கன பாரு. இன்னொரு வள்ளம் வருது."

தெற்கே ஒரு வள்ளம், பாரத்தில் அமுங்கி, மெதுவாக வந்துகொண்டிருந்தது. மணிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அதில் இருந்தவனும் எல்லாரையும் போல அவசரமாகக் கரையைப் பார்த்துத் துடுப்பு வலித்தான். கஸ்பார்தான். நடுவில் சாக்குப் போட்டு மூடிய பெரிய மணி. ஊரே கரையில் நின்று கைதட்டி அவனை வரவேற்றது. கமிட்டித் தலைவர் மட்டும் கொடிமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வள்ளம் மணலில் முட்டியதும் சவரிமுத்து கயிற்றை விட்டார். கடைசி நாதம் தேய்ந்து முடிகிற வரைக்கும் நின்று கேட்டார். கொடி ஏற ஆரம்பித்தது. அவர் சாவிக்கொத்தை மடியில் தட்டிப் பார்த்துவிட்டு, நேராகக் கரைக்கு நடந்து, வேர்வை சொட்ட மணியைத் தூக்கப் போன கஸ்பாரின் தோளில் கை வைத்தார்.

"தம்பி, அத எறக்காத. அங்கனயே இருக்கட்டும். நீ வந்து மொதல்ல சாப்பிடு, சாயங்காலம் நானும் ஒங்கூட வாரேன். ரெண்டு பேருமா கொண்டு போயி குடுத்துட்டு வருவோம்."